பாட்னாவில் எடுத்த திருப்பூர் காணொளி

2023 மார்ச்சில் யூடியூபில் ஒரு காணொளி வெளியானது. உடம்பில் கட்டுப்போட்ட இரண்டு இளைஞர்கள் பேசுகிறார்கள். பிழைக்கப் போன தமிழ்நாட்டில் தங்களை அடித்தார்கள் என்கிறார்கள். பீகார் காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு துருவியபோது, அது படமாக்கப்பட்ட இடம் பாட்னா ஜக்கன்பூரில் உள்ள ஒரு வாடகை வீடு என்று தெரியவந்தது. பேசியவர்கள் நடித்திருந்தார்கள்.

இதில் பொய்யைவிட அது வந்த நேரம்தான் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டு டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு மார்ச் 2-ஆம் தேதி வாக்கிலேயே காணொளியில் தோன்றி, வெளிமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவுகிற செய்திகள் பொய் என்று சொல்லிவிட்டார். ஆதாரமாகக் காட்டப்பட்ட இரண்டு காட்சிகளையும் எடுத்துக்கொண்டு, ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களே தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இடையே நடந்த சண்டை என்று விளக்கினார். ஜக்கன்பூர் காணொளி அதற்குப் பிறகு வந்தது. முதல் சில நாட்களில் வதந்தி பழைய காட்சிகளை வைத்தே பிழைத்தது. அவை ஒவ்வொன்றாக அம்பலமானபோது புதிதாகத் தயாரிக்கத் தொடங்கினார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தார்கள், சரக்கு தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். மறுப்பு வந்துவிட்டால் வதந்தி அடங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தேதிக் கணக்கை ஒருமுறை பார்க்கவேண்டும்.

அரசியல் செய்திகளைச் சரியாகத் தெரிந்துகொள்வது எப்படி என்ற கேள்விக்குப் பொதுவாக அறிவுரைகளே பதிலாகக் கிடைக்கின்றன: பல பத்திரிகை படியுங்கள், பகிருமுன் யோசியுங்கள், மூலத்தைத் தேடுங்கள். எதுவும் தவறில்லை. ஆனால் அந்த மார்ச் வாரத்தில் ஏமாந்தவர்களில் பத்திரிகை படிக்காதவர்கள் மட்டும் இல்லை. பீகார் முதல்வர் நிதிஷ் குமாரே, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் செய்தித்தாள்கள் மூலம் அறிந்ததாகவும், தமிழ்நாட்டு அதிகாரிகளுடன் பேசச் சொல்லியிருப்பதாகவும் ட்விட்டரில் எழுதினார். ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளரையும் டிஜிபியையும் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கே முதல் தகவல் செய்தித்தாளிலிருந்துதான் வந்திருக்கிறது. சமஸ்திபூரில் மகனைத் திருப்பூருக்குத் தையல் வேலைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் தாயிடம் ‘மூலத்தைத் தேடுங்கள்’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்த வாரத்தின் அரசியலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மார்ச் 1-ஆம் தேதி சென்னையில் மு.க. ஸ்டாலினின் எழுபதாவது பிறந்தநாள் பொதுக்கூட்டம். மேடையில் மல்லிகார்ஜுன் கார்கே, பரூக் அப்துல்லா, அகிலேஷ் யாதவ் ஆகியோருடன் பீகார் துணை முதல்வர் தேஜஸ்வி யாதவும் இருந்தார். முந்தைய ஆகஸ்டில்தான் நிதிஷ் குமார் பாஜகவை விட்டு விலகித் தேஜஸ்வியுடன் சேர்ந்திருந்தார். பீகாரில் எதிர்க்கட்சியாகிவிட்ட பாஜகவுக்கு, ‘நம் பிள்ளைகள் அங்கே அடிவாங்குகிறார்கள், இவர் அங்கே போய் விருந்து சாப்பிடுகிறார்’ என்ற வாதம் கைமேல் கிடைத்தது. சட்டமன்றத்தில் அமளி. உத்தரப் பிரதேச பாஜகவைச் சேர்ந்த வழக்கறிஞர் பிரசாந்த் உம்ராவ், இந்தி பேசியதற்காகத் தமிழ்நாட்டில் பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டதாகப் பதிவு போட்டார். தைனிக் பாஸ்கர் நாளிதழ் அதே சாயலில் செய்தி வெளியிட்டது. நாட்டிலேயே அதிகம் விற்கும் நாளிதழ்களில் ஒன்று அது. உம்ராவ் மீதும் அந்த நாளிதழ் மீதும் தமிழ்நாட்டுக் காவல் துறை வழக்குப் போட்டது.

இன்னொன்று, மார்ச் 8 ஹோலி. ஆண்டுதோறும் ஹோலிக்கு முந்தைய வாரம் கோவை, திருப்பூர், சென்னை ரயில் நிலையங்களில் வடக்கே போகிற வண்டிகளின் பொதுப்பெட்டிகளில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வழக்கமான கூட்டத்தின் படங்களே ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. அதில் கொஞ்சம் பேர் உண்மையிலேயே பயந்துதான் போனார்கள். வீட்டிலிருந்து போன்மேல் போன் வந்தால் யார்தான் இருப்பார்கள்? பண்டிகைக்குப் போகிறவரையும் பயந்து போகிறவரையும் படத்தில் பிரித்துக் காட்ட முடியாது. வதந்தி தனக்கான சாட்சியத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது.

சுற்றிய காட்சிகளில் ஒன்று பிப்ரவரியில் கோவை நீதிமன்ற வளாகத்தின் அருகே பட்டப்பகலில் நடந்த கொலை. வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவரும் உள்ளூர்க்காரர்கள், பழைய பகை. இன்னொன்று ராஜஸ்தான் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சி. தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவர் அதைப் பார்த்தால் கடைப்பலகையை வைத்தோ, வண்டியின் எண்ணை வைத்தோ, பின்னணியில் கத்துகிறவரின் பேச்சை வைத்தோ இது நம் ஊர் இல்லை என்று சொல்லிவிடுவார். கோவைக் காட்சியில் பேசப்படுவது என்ன என்று புரிந்தால் அது எந்தச் சண்டை என்பதும் புரிந்துவிடும். பீகாரில் பார்ப்பவருக்கு இரண்டு வசதியும் கிடையாது. அவருக்குப் புரியாத மொழியில், அவர் பார்த்திராத ஊரில், யாரோ யாரையோ வெட்டுகிறார்கள். மேலே இந்தியில் ஒரு வரி எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரிதான் அவருக்குச் செய்தி.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. பொய்ச்செய்தியைப் பற்றி நாம் பேசும்போது எப்போதும் தனிமனிதரின் அறியாமையைப் பேசுகிறோம். ஆனால் அந்த வாரத்துப் பொய் வாழ்ந்த இடம் இரண்டு மொழிகளுக்கு இடையிலிருந்த வெற்றிடம். தினத்தந்தியும் தினமலரும் படிக்கிற திருப்பூர்க்காரருக்குத் தைனிக் பாஸ்கரில் தன் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. தைனிக் பாஸ்கர் படிக்கிறவருக்குத் தினத்தந்தியின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அப்படி ஒரு கொலையும் பதிவாகவில்லை என்று தெரியாது. பன்னிரண்டு பேர் தூக்கில் தொங்கியிருந்தால் எந்தத் தமிழ் நாளிதழின் உள்ளூர் நிருபரும் அதை விட்டிருக்கமாட்டார். இந்தச் சாதாரண ஊகம் தமிழருக்கு உடனே வரும், பீகாரில் இருப்பவருக்கு வர வழியே இல்லை. ஆங்கில நாளிதழ்கள் இடையில் பாலமாக இருக்கும் என்பது படித்தவர்களின் நம்பிக்கை. தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவரும் அவருடைய தாயும் அந்தப் பாலத்தில் நடப்பதில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் யார் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். உண்மை சரிபார்ப்புத் தளமான ஆல்ட் நியூஸின் முகமது சுபைர் ஒவ்வொரு காட்சியாக எடுத்து அதன் உண்மையான ஊரையும் நாளையும் வெளியிட்டார். (அதற்காகத் தமிழ்நாட்டு அரசு 2024 குடியரசு நாளில் அவருக்குக் கோட்டை அமீர் மதநல்லிணக்கப் பதக்கம் அளித்தது.) திருப்பூர் மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் இந்தியில் அறிவிப்புச் செய்தன, உதவி எண்களைக் கொடுத்தன. ஆளுநர் ஆர்.என். ரவிக்கும் அரசுக்கும் ஏழாம் பொருத்தம் என்றாலும், அவரும் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பயப்பட வேண்டாம் என்று வேண்டுகோள் விடுத்தார். பீகார் அரசு நான்கு அதிகாரிகள் கொண்ட குழுவை அனுப்பியது. தலைமை தாங்கி வந்தவர் பாலமுருகன் என்ற தமிழ்ப் பெயர் கொண்ட ஐஏஎஸ் அதிகாரி. குழு சென்னை, திருப்பூர், கோவை என்று போய்த் தொழிலாளர்களிடமே கேட்டது. இரண்டு பக்கத்திலும் காது வைத்திருந்தவர்கள் வந்த பிறகுதான் வேகம் குறைந்தது.

இதுவரை சொன்னதைத் தமிழ் வாசகர் தலையாட்டிக்கொண்டே படித்திருப்பார். பீகாரில் நம்பிய பொய் அது, நம் மாநிலத்தின் பெயரைக் கெடுத்த பொய். கசப்பான பகுதி இனிமேல்தான்.

அதே ஆண்டு ஜனவரி கடைசியில் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் திருப்பூர்க் காட்சி ஒன்று ஓடியது. வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து தமிழர்களை விரட்டி அடிக்கிறார்கள் என்று தலைப்பு. இனி நம் ஊரில் நமக்கே பாதுகாப்பில்லை, கம்பெனிகளை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள், நாளை ஓட்டும் அவர்களுக்கே என்று கீழே எழுதிக்கொண்டே போனார்கள். காவல் துறை விசாரித்துச் சொன்னது வேறு. பொங்கலை ஒட்டிய நாட்களில் ஒரு கடை அருகே சிகரெட் புகையை முகத்தில் ஊதியது பற்றிய தகராறு, கைகலப்பாகி, ஆள் சேர்ந்து துரத்துவதில் முடிந்திருக்கிறது. இரண்டு வாரப் பழைய காட்சி. விரட்டியது நிஜம், அதற்குக் கைதும் உண்டு. ஆனால் தலைப்பில் இருந்த படையெடுப்பு எங்கும் இல்லை.

பிப்ரவரியில் ரயிலின் பொதுப்பெட்டியில் ஒருவர் வடமாநிலத் தொழிலாளர்களைத் திட்டி அடிக்கிற காட்சி வந்தது. அது பொய் இல்லை. ரயில்வே காவல் துறை வழக்குப் பதிந்து ஆளையும் பிடித்தது. பிப்ரவரி 27-ஆம் தேதி ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் நடந்தது. வெளிமாநிலத் தொழிலாளர் விவகாரம் பிரச்சார மேடை வரை ஏறியது. ஆக, மார்ச் வதந்தி வெறும் காற்றில் முளைக்கவில்லை. ஒரு சிறு உண்மை, ஓர் எரிச்சல், ஒரு நிஜமான அறை, இவற்றின் மேல்தான் அது பன்னிரண்டு தூக்குக் கயிறுகளைக் கட்டியது. ஜனவரியில் தமிழில் ஓடியதும் மார்ச்சில் இந்தியில் ஓடியதும் அமைப்பில் ஒன்றே. பழைய சண்டை, புதிய தலைப்பு, ‘நம்மவர்’ மீது ‘அவர்கள்’ கை வைத்துவிட்டார்கள் என்ற பதைப்பு. மார்ச்சில் கொதித்த நம்மில் எத்தனை பேர் ஜனவரியில் வந்ததை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருந்தோம்?

பொய் ஏன் இப்படி ஓடுகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. எம்ஐடியைச் சேர்ந்த சொருஷ் வொசூகி, தேப் ராய், சினன் ஆரல் மூவரும் 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு பிரபலம். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பரப்பிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்யைவிட 70 விழுக்காடு அதிகம். மெய்ச்செய்தி 1,500 பேரைச் சென்றடையப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. எந்திரக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பரப்பியது மனிதர்கள்தான். பொய்யில் புதுமை அதிகம், அது கிளப்பும் வியப்பும் அருவருப்பும் அதிகம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘திருப்பூரில் இன்று எல்லாரும் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள்’ என்பதை யார் யாருக்கு அனுப்புவார்கள்?

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பீகாரிலேயே நடந்த இரண்டு ஆய்வுகள். தற்செயல்தான், ஆனால் நம் கதைக்கு இவ்வளவு பொருத்தமாக வேறெங்கும் கிடைக்காது. 2019 நாடாளுமன்றத் தேர்தலின்போது சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியல் ஆய்வாளர் பீகாரில் 1,224 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலேயே ஒரு மணி நேரப் பயிற்சி: படத்தை எப்படித் தேடிப் பார்ப்பது, பொய்யை எப்படி அடையாளம் காண்பது, எங்கே சரிபார்ப்பது. வாக்குப்பதிவு முடிந்த பிறகு திரும்பிப் போய்ச் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. போதாக்குறைக்கு, பயிற்சி பெற்ற பாஜக ஆதரவாளர்கள் தம் கட்சிக்குச் சாதகமான பொய்களைக் கண்டுபிடிப்பதில் முன்பைவிடப் பின்தங்கினார்கள். எந்தக் கட்சி என்பது அங்கே தற்செயல் என்றே நினைக்கிறேன். இதே சோதனையை மதுரையில் நடத்தினால் வேறு கொடிகள் தெரியும். கருவியைக் கையில் கொடுத்தால் மனிதர் அதைத் தமக்குப் பிடிக்காத செய்தியின் மேல்தான் முதலில் பாய்ச்சுகிறார்.

இது மனத்தைத் தளரவைக்கிற முடிவு. ஒரு நாள் பயிலரங்கம், சான்றிதழ், குழுப்படம் என்று நடக்கிற ‘ஊடக விழிப்புணர்வு’ நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்கள் பத்ரிநாதனின் இந்த ஆய்வைப் படித்தார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அதே பத்ரிநாதன் பிரியதர்ஷி அமர், சைமன் ஷோஷார், புளோரியன் சிஷார்ட் ஆகியோருடன் சேர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பிறகு பீகாருக்கே திரும்பினார். இந்த முறை 583 கிராமங்கள், 13,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள், எட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை. மாநில அரசின் வாழ்வாதாரத் திட்டத்தின் கீழ் இயங்கும் ஊர் நூலகங்களில், பல வாரங்களில் பரவிய வகுப்புகள். ஆசிரியர், பாடப்புத்தகம், வீட்டுப்பாடம் எல்லாம் உண்டு. ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே நேரத்தில் ஆங்கிலம் கற்பித்தார்கள், அவர்களும் வெறுங்கையோடு போகவேண்டாம் என்று. பாடம் பெரும்பாலும் உடல்நலம் பற்றிய பொய்களைச் சுற்றியது. முடிவு நேர்மாறானது. மாணவர்கள் மெய்யையும் பொய்யையும் பிரிப்பதில் முன்னேறினார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது தேயவில்லை. பாடத்தில் இல்லாத அரசியல் செய்திகளிலும் அது வேலை செய்தது. வகுப்பு வாசலையே மிதிக்காத பெற்றோர்களிடமும் பலன் தெரிந்தது.

இரண்டு சோதனைகளுக்கும் இடையில் மாறியது என்ன? மாறியது பாடப்பொருள் மட்டும் இல்லை. ஒன்று, ஒரு மணி நேரம் போய்ப் பல வாரங்கள் ஆயின. இன்னொன்று, தனியாள் வகுப்பறை ஆனார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ‘இது பொய்டா’ என்று சொல்லும் இடத்தில் பொய்யை நம்பாமல் இருப்பது எளிது. அனுப்பியவர் மாமா என்பதால் மட்டும் வாயை மூடிக்கொள்ளும் குடும்பக் குழுவில் அது கடினம். கட்சிப் பற்று கெட்டிப்படுவதற்கு முந்தைய வயது என்பதும் உதவியிருக்கும்.

செய்தியைச் சேர்ந்து படிப்பது தமிழருக்குப் புதிதில்லை. திராவிட இயக்கமும் இடதுசாரிகளும் ஊர் ஊராகப் படிப்பகம் திறந்தார்கள். தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நான்கு பேர் கேட்பதும், ஐந்தாவது ஆள் மறுத்துப் பேசுவதும் நடந்தது. 1942-இல் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி அந்தக் கூட்டத்தை மனத்தில் வைத்தே எளிய தமிழில் எழுதியது. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. பெண்கள் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை, பல ஊர்களில் தலித்துகளுக்கு அந்தக் கடையில் தனிக் குவளை. ஆனால் ஒரு விஷயத்தில் அந்த வாசகர் நம்மைவிட வசதியானவர்: முரசொலி யாருடையது, விடுதலை யாருடையது, ஜனசக்தி யாருடையது என்று அவருக்குத் தெரியும். பிறகு தொலைக்காட்சி வந்தபோதும் ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன் என்று பெயரிலேயே கட்சி தெரிந்தது. ஒரே நாளின் சட்டமன்ற நிகழ்ச்சியை இரண்டு அலைவரிசையில் பார்த்துவிட்டு, நடந்தது நடுவில் எங்கோ இருக்கும் என்று கணக்குப் போடத் தமிழர் பழகியிருந்தார்கள். சார்பு இருப்பது பெரிய கேடில்லை, அது தெரியாமல் இருப்பதுதான் கேடு. இன்று ‘நடுநிலை’ என்று பெயர் சூட்டிக்கொண்டு யூடியூபில் நடக்கிற அரசியல் அலைவரிசைகளில் எதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. கட்சிகளின் தகவல் தொழில்நுட்ப அணிகள் தம் பெயரில் வெளியிடுவது கொஞ்சம், ஊர் பேர் இல்லாத பக்கங்கள் வழியாக விடுவது நிறைய.

சரிபார்க்கும் வேலையை அரசே செய்யட்டும் என்றால் வேறு சிக்கல் வருகிறது. ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முடிவுசெய்யும் பிரிவுக்கு வழிசெய்தது. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா உள்ளிட்டோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. தமிழ்நாட்டு அரசு 2023 அக்டோபரில் தகவல் சரிபார்ப்பகம் அமைத்தது. யூடர்ன் என்ற செய்தி சரிபார்ப்புத் தளத்தை நடத்திய ஐயன் கார்த்திகேயன் அதன் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். மத்தியில் நடந்ததைக் கருத்துரிமைப் பறிப்பு என்றவர்கள் மாநிலத்தில் நடந்ததை வரவேற்றார்கள், மத்தியில் வரவேற்றவர்கள் இங்கே எதிர்த்தார்கள். இரண்டின் அதிகாரமும் ஒன்றல்ல. மத்திய விதியில் பதிவை நீக்கவைக்கும் வல்லமை இருந்தது. ஆனாலும் ஆளுங்கட்சி மீதான விமர்சனத்தை ஆளுங்கட்சி அமர்த்திய ஒருவர் பொய் என்று முத்திரை குத்தும்போது அதை நம்பவேண்டும் என்று எதிர்த்தரப்பு வாசகரிடம் எப்படிக் கேட்பது? காவல் துறை சொன்ன மறுப்பைப் பீகார் நம்பாமல் தன் ஆட்களையே அனுப்பிப் பார்த்ததே, அதுதான் நியாயமான நடைமுறை.

தண்டனையும் அப்படித்தான். வதந்தியில் முன்னணியில் இருந்த யூடியூபர் மணிஷ் காஷ்யப் மார்ச் 18-ஆம் தேதி சரணடைந்தார். தமிழ்நாட்டுக் காவல் துறை அவரை மதுரைக்குக் கொண்டுவந்து, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் போட்டது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தத் தடுப்புக்காவலை ரத்து செய்தது. டிசம்பரில் வெளியே வந்தபோது கூட்டம் அவரை வரவேற்றது. 2024 ஏப்ரலில் பாஜகவில் சேர்ந்தார். பொய்க்குச் சாதாரணச் சட்டத்தில் வழக்கு நடத்தித் தண்டனை வாங்குவது ஒன்று, விசாரணையின்றி அடைத்துத் தியாகியாக்குவது வேறு. உம்ராவ் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு தூக்குகளைப் பற்றிய பதிவு போன தூரத்தில் அந்த மன்னிப்பு எத்தனை அடி போயிருக்கும் என்று யாரும் அளக்கத் தேவையில்லை.

சமூக ஊடக நிறுவனங்கள் செய்ததில் உருப்படியானது ஒன்று உண்டு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோவிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் இறந்துபோனார். ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் அதே வதந்திக்கு ஐந்து பேர் பலியானார்கள். அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றிய கடத்தல் காட்சி ஒன்று பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். ‘பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அதன் பிறகுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்ததை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டும் என்று குறைத்தது. அப்படிப்பட்ட செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே சொன்னது. கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கவேண்டும், ஆனாலும் போதனையைவிடத் தடைக்கல் நன்றாக வேலை செய்தது என்பது புரிகிறது.

மெய்யான அரசியல் செய்தி எப்படி வருகிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கட்சிகளுக்கு நிதி கொடுப்பதற்கான தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. மார்ச்சில் ஸ்டேட் வங்கி முதலில் வாங்கியவர் பட்டியலையும் பெற்றவர் பட்டியலையும் தனித்தனியாகத் தந்தது. நீதிமன்றம் அதட்டிய பிறகு பத்திர எண்களையும் தந்தது. எண்ணை எண்ணோடு பொருத்தினால்தான் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது தெரியும். நிருபர்களும் தன்னார்வலர்களும் அந்தச் சலிப்பூட்டும் வேலையைச் செய்தார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய பட்டியலில் பாஜகவுக்கு ஏறத்தாழ 6,060 கோடி ரூபாய். கோவையை மையமாகக் கொண்ட சான்டியாகோ மார்ட்டினின் லாட்டரி நிறுவனம் 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அதில் 500 கோடிக்கும் மேல் திமுகவுக்குப் போனது. இரண்டு தரப்பும் மற்றவருடைய எண்ணை மட்டும் பகிர்ந்தன. அதே வாரம் இன்னொன்றும் ஓடியது: பட்டியலில் ‘ஹப் பவர் கம்பெனி’ என்று பெயர் இருக்கிறது, அது பாகிஸ்தான் நிறுவனம், புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு நம் கட்சிகளுக்குக் காசு கொடுத்திருக்கிறது. பாகிஸ்தானில் அதே பெயரில் உள்ள நிறுவனம் மறுத்தது. வரிப் பதிவுகளில் டெல்லி முகவரியோடு ஒரு ஹப் பவர் இருந்தது. மூல ஆவணமே கையில் இருந்தும், ஒத்த பெயரைப் பார்த்தவுடன் துள்ளியவர்கள் வழுக்கினார்கள். மோடி எதிர்ப்பாளர்கள் பலர் அதில் அடக்கம்.

ஸ்டான்போர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வு இந்த வழுக்கலுக்கு விளக்கம் தருகிறது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் பத்துப் பேர், உண்மை சரிபார்ப்பவர்கள் பத்துப் பேர், ஸ்டான்போர்டு மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் அறிமுகமில்லாத தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். மாணவர்களும் அறிஞர்களில் பலரும் அந்தப் பக்கத்திலேயே ஆழ்ந்து, மேலிருந்து கீழாகப் படித்து, அதன் அழகான வடிவத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில நொடிகளில் பக்கத்தைவிட்டு வெளியேறி, இதை நடத்துவது யார் என்று மற்றவர்கள் சொல்வதைத் தேடினார்கள். கூர்ந்து படிப்பது நல்ல பழக்கம்தான். யார் சொல்கிறார் என்று தெரியாதவரை அது நேர விரயம்.

யார் சொல்கிறார் என்று தேடும் பழக்கத்தைச் சேர்ந்து கற்க இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பொது நூலகங்கள் நான்காயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பீகாரில் ஊர் நூலகத்தில் நடந்த வகுப்பை இங்கே நடத்தக் கட்டடம் கட்டவேண்டியதில்லை. ஆசிரியர்களும் வாரத்துக்கு ஒரு மணி நேரமும் போதும். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது, அதைத் தைப்பவர்களில் பல்லாயிரம் பேர் இந்தி, ஒடியா, வங்காளம் பேசுகிறவர்கள். அங்கே உள்ள நூலகத்தில் ஓர் இந்தி நாளிதழும் ஓர் ஒடியா நாளிதழும் மேசையில் கிடந்தால், அதைப் படித்துவிட்டு ‘உங்கள் ஊரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறான்’ என்று சொல்ல ஒருவராவது கிடைப்பார். செலவு மாதம் சில நூறு ரூபாய். இந்தியைத் திணிப்பதாகும் என்று ஒரு தரப்பும், வந்தவர்களுக்கு உபசாரம் எதற்கு என்று மறு தரப்பும் கேட்கும். முதல் வகுப்பில் எந்தக் காட்சியைக் காட்டுவது என்பதிலும் சண்டை வரும். ஜக்கன்பூர் காணொளியைக் காட்டினால் எல்லாரும் கைதட்டுவார்கள். சிகரெட் புகையில் தொடங்கிய அந்த ஜனவரிக் காட்சியைக் காட்டுவதே நல்லது.